இரண்டு கியூக்களின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் விடாதவன்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குழுவில் ஒரு பேச்சு வந்தது. அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பூல் விளையாட ஒரு கோல் சொல்லிவைத்திருக்கிறாராம். கையால் செய்து தரும் பட்டறை. பெயர் கொடுத்து ஆறு வருடம் முடிந்துவிட்டது, இன்னும் நாலைந்து வருடம் ஆகும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். "ஒரு குச்சிக்குப் பத்து வருஷமா சார்?" என்று சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். என் வயதுக்காரர் ஒருவர் மட்டும், "நாங்க பஜாஜ் ஸ்கூட்டருக்கு அவ்வளவு வருஷம் நின்னோம்ப்பா" என்று போட்டார். அதற்கும் சிரிப்புதான்.

இரண்டும் பத்து வருடக் காத்திருப்புதான். ஆனால் இரண்டும் ஒரே ஜாதி இல்லை. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் 1950 முதல் 1991 வரை நம் நாடு எப்படி இருந்தது என்பதில் பாதி புரிந்துவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ரேஷன் கடையில் நிற்பதும் கியூ. பில்லியர்ட்ஸ் மேஜையில் பந்தைத் தட்டும் கோலும் கியூ. ஆங்கிலத்தில் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் ஒன்றேதான். இது தற்செயல் இல்லை. "வால்" என்று பொருள்படும் ஒரே பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இரண்டும் பிறந்தன. ஆரம்பத்தில் பந்தைத் தள்ளுவதற்கு நுனியில் கனத்த கட்டை வைத்த கோல் இருந்தது. பந்து மேஜை ஓரத்தை ஒட்டி நின்றுவிட்டால் அந்தக் கட்டையால் அடிக்க முடியாது. கோலைத் திருப்பிப் பிடித்து வால் முனையால் தட்டினார்கள். காலப்போக்கில் கட்டை போய், வால் மட்டும் நின்றது. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வால் போல நீண்டு நின்றால் அது இன்னொரு கியூ.

இந்த விளையாட்டு நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். ஸ்நூக்கர் பிறந்தது இந்தியாவில். 1875-ல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படை அதிகாரிகளின் உணவு விடுதியில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய ஆட்டத்தோடு கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடத் தொடங்கினார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அவர் பிறகு சென்னைப் படையின் தலைமைத் தளபதி ராபர்ட்ஸிடம் பணிபுரிந்தார். கோடையில் தலைமையகம் ஊட்டிக்குப் போகும். 1882-ல் ஸ்நூக்கருக்கான விதிகள் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி மாட்டப்பட்டன. இன்று உலகம் முழுக்க ஆடும் ஆட்டத்தின் முதல் சட்டப் புத்தகம் நம் நீலகிரிச் சுவரில் தொங்கியது என்று சொல்லலாம். சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் உலகப் பட்டத்தைக் கொண்டுவந்ததும் இந்த மேஜைதான். 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் சாம்பியன் ஆனார்.

நம் வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கு இன்னொரு தகவல். அந்தக் கோலின் உயிர் அதன் நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னத் தோல் வட்டில் இருக்கிறது. சட்டைப் பித்தான் அளவுகூட இருக்காது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் சிறையில் இருந்த மிங்கோ என்பவர்தான் மர நுனியில் தோலை ஒட்டிப் பழகியவர் என்று வரலாறு சொல்கிறது. அதற்கு முன் வெறும் மரம் பந்தின் மேல் வழுக்கும். தோல் பந்தைப் பற்றும். பந்தைச் சுழல வைத்து, போன இடத்திலிருந்து திரும்பி வர வைக்கலாம். விளையாட்டே மாறிப்போனது.

சரி, ஒரு கோலுக்கு ஏன் பத்து வருடம்?

கோல் என்பது ஏறக்குறைய ஐந்தடி நீளம். கைப்பக்கம் தடித்து, நுனிக்கு வர வர மெலியும். பூல் கோலுக்கு மேப்பிள் மரம், ஸ்நூக்கருக்குப் பெரும்பாலும் ஆஷ் மரம், கைப்பிடியில் கருங்காலி. மரத்தைக் கடைசலில் கொடுத்து ஒரே நாளில் இழைத்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் வளைந்துவிடும். மரத்துக்குள் இறுக்கம் இருக்கிறது. கொஞ்சம் சீவினால் அந்த இறுக்கம் வெளியே வந்து கோணும். ஆகவே தெரிந்தவர்கள் கொஞ்சம் சீவி, மாதக் கணக்கில் தொங்கவிட்டு, மறுபடி கொஞ்சம் சீவி, மறுபடி தொங்கவிடுவார்கள். அதற்குள் கோணியதைக் கழித்துவிடுவார்கள். மிஞ்சியதுதான் கோல். கைப்பிடியில் வேறு நிற மரங்களைக் கூராகச் செதுக்கிப் பொருத்துவது தனி வேலை. பட்டறையில் இருப்பது ஒருவர், இரண்டு பேர், மிஞ்சினால் ஒரு குடும்பம். ஆண்டுக்கு இத்தனைதான் செய்ய முடியும் என்று கையே ஒரு எல்லை வைத்துவிடுகிறது.

ஜார்ஜ் பலபுஷ்கா என்பவர் ரஷ்யாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, நியூயார்க்கில் மரவேலை செய்தவர். 1959 வாக்கில் நண்பர்களுக்காகக் கோல் செய்யத் தொடங்கினார். 1975-ல் இறக்கும்வரை அவர் செய்தவை ஆயிரத்துச் சொச்சம்தான் என்கிறார்கள். அவர் போன பிறகு விலை ஏறிக்கொண்டே போனது. 1986-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் அவர் பெயர் அடிபட்டதும் விளையாடாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. லாஸ் வேகாஸில் சவுத் வெஸ்ட் என்ற பட்டறை 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பமானது. நிறுவியவர்களில் ஒருவரான ஜெர்ரி ஃப்ராங்க்ளின் 1996-ல் இறந்தார். மனைவி தொடர்ந்து நடத்தினார். அங்கே பெயர் கொடுத்தவர்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பது சாதாரணம். பட்டறையில் ஒரு விலை. உடனே வேண்டும் என்று ஏற்கெனவே வாங்கியவரிடம் கேட்டால் அதைவிட மிக அதிக விலை. இந்த இரட்டை விலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தக் கோல் கிடைத்தால்தான் ஜெயிக்க முடியுமா? ஸ்டீபன் ஹெண்ட்ரி ஏழு முறை உலக ஸ்நூக்கர் சாம்பியன். சின்ன வயதில் வாங்கிய, நாற்பது பவுண்டு பெறுமானமுள்ள சாதாரணக் கோலால்தான் அந்த ஏழையும் ஜெயித்தார். 2003-ல் பாங்காக்கிலிருந்து திரும்பும்போது விமானச் சரக்கில் அது உடைந்துபோனது. ஆகவே கோலுக்காகப் பத்து வருடம் நிற்பவருக்கு நாம் பரிதாபப்பட வேண்டியதில்லை. அவருக்கு நாளைக்கே வேறு கோல் கிடைக்கும். அவர் விரும்பி நிற்கிறார்.

கைவேலைக்காகக் காத்திருப்பது நமக்கும் புதிதில்லை. தஞ்சைப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறார்கள். ஆச்சா மரம் வேண்டும், அதுவும் புது மரம் ஆகாது. இடிக்கும் பழைய வீடுகளின் உத்தரமும் தூணும் தேடி வாங்குவார்கள். பல பத்தாண்டு காய்ந்த மரத்தில்தான் நாதம் நிற்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக அந்த ஊர் ரங்கநாத ஆசாரி செய்து கொடுத்த பாரி நாதஸ்வரம்தான் இன்று மேடைகளில் கேட்கும் வாத்தியத்துக்கு மூலம். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நம் பகுதியிலேயே பழைய முறைத் தோல் பதனிடுதலை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக் குழி, பிறகு ஆவாரம்பட்டைக் குழி, கடைசியில் கடுக்காய். வாரக் கணக்கில் ஊறும். குரோம் வந்த பிறகு பதனிடும் வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. பட்டைக் குழிக்காரரைப் போய் "சீக்கிரம் எடு" என்றால் அவர் சிரிப்பார். தோலின் உள்வரை பட்டைச் சாறு இறங்க அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. யாருக்குச் சிபாரிசு இருந்தாலும் அந்தக் காலம் குறையாது.

இது முதல் வகைக் கியூ. இனி நாங்கள் நின்ற கியூவுக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இத்தாலியின் பியாஜியோ கம்பெனிக்கு விமானம் செய்யும் வேலை போய்விட்டது. அங்கிருந்த விமானப் பொறியாளர் கொராடினோ தஸ்கானியோ 1946-ல் ஒரு வண்டியை வடிவமைத்தார். பாவாடை கட்டியவரும் ஏறி உட்காரலாம். எண்ணெய்க் கறை படாது. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி மாட்டலாம். அதுதான் வெஸ்பா, இத்தாலிய மொழியில் குளவி. 1948-ல் பஜாஜ் குழுமத்தின் வணிக நிறுவனம் வண்டிகளை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. 1959-ல் இங்கேயே தயாரிக்க லைசென்ஸ் கிடைத்தது. புனே அருகே ஆகுர்டியில் தொழிற்சாலை. பம்பாயில் வேறொரு கம்பெனி லாம்ப்ரெட்டா செய்தது. 1971-ல் வெஸ்பா ஒப்பந்தம் முடிந்தது. அரசு புதுப்பிக்க அனுமதிக்கவில்லை. 1972-ல் ஏறக்குறைய அதே வண்டி "சேத்தக்" என்ற பெயரில் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

லைசென்ஸ் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் உரிமம் இல்லை. 1951-ல் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள எந்தத் தொழிலையும் தொடங்க, விரிவாக்க, புதுப் பொருள் செய்ய டெல்லியின் அனுமதி வேண்டும். எத்தனை செய்யலாம் என்ற எண்ணிக்கையும் அந்தக் காகிதத்தில் இருக்கும். அதற்கு மேல் செய்தால் குற்றம். கூடுதலாகச் செய்ததற்காகச் சிறைக்குப் போகவும் தயார் என்று ராகுல் பஜாஜ் சொன்னதாகப் பிற்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. ஒருவர் நிறையப் பொருள் செய்ததற்காகச் சிறைக்குப் போவதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்றால் அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள்.

அதை எழுதியவர்கள் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். வரலாற்றை அப்படி வாசிக்கக் கூடாது. 1957-லேயே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்துவிட்டது. இரும்பு குறைவு, எந்திரத்துக்கு டாலர் வேண்டும், 1960-களின் நடுவில் சோற்றுக்கே அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்தோம். இருக்கும் இரும்பு அணைக்கும் ரயிலுக்கும் போகட்டும், ஸ்கூட்டர் பின்னால் பார்க்கலாம் என்றார்கள். செல்வம் சில குடும்பங்களிடம் குவியக் கூடாது என்ற கவலையும் நேர்மையானது; 1969-ல் ஏகபோகத் தடைச் சட்டம் அதற்காகவே வந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு கம்பெனி பெரிதாகக் கூடாது என்று அதன் உற்பத்திக்கு எல்லை வைத்தார்கள். புதிதாக வருபவனுக்கும் அனுமதி எளிதில் இல்லை. முடிவில், இருந்த கம்பெனிக்குப் போட்டியே இல்லாமல் போனது. எப்படிச் செய்தாலும் விற்கும், பத்து வருடத்துக்கு வாங்குபவர் வரிசையில் நிற்கிறார். இதைவிடப் பெரிய ஏகபோகம் எது?

வரிசை நீண்டதும் அதை ஒழுங்குபடுத்த இன்னொரு ஆணை தேவைப்பட்டது. காருக்கு 1959-ல், ஸ்கூட்டருக்கு 1960-ல் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. வண்டி வேண்டுமென்றால் டீலரிடம் பெயர் பதிவு செய்ய வேண்டும். முன்பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு, அந்தப் பாஸ்புத்தகத்தை அடமானமாகக் கொடுக்க வேண்டும். வரிசை எண் ஒன்று தருவார்கள். வாங்கிய வண்டியை உடனே விற்கக் கூடாது என்றும் கட்டுப்பாடு இருந்தது. அரசு ஊழியர்களுக்குத் தனி ஒதுக்கீடு. வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியில் பணம் வந்தால் வரிசையே இல்லை, உடனே வண்டி.

1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் வேலை பெருகியது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பிள்ளைகள் பலர் போனார்கள். அண்ணன் துபாயிலிருந்து பணம் கட்டினால் தம்பிக்கு ஆம்பூரில் வண்டி. பக்கத்து வீட்டு ஆசிரியருக்கு எண் இன்னும் ஆயிரத்துக்கு அந்தப் பக்கம். யார் மேலும் தப்பில்லை. நாட்டுக்கு டாலர் வேண்டும், அதற்கு ஒரு வழி திறந்தார்கள். ஆனால் ஒரே தெருவில் இரண்டு வகைக் குடிமக்கள் உண்டானார்கள்.

நான் 1975-ல் பதிவு செய்தேன். அப்போது திருப்பத்தூர் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. எதற்கும் வேலூர் போக வேண்டும். வண்டி வந்தது 1982-ல். இடையில் இரண்டு முறை ஊர் மாற்றல், மூன்று பிள்ளைகள். நிறம் கேட்கும் உரிமை கிடையாது. வந்தது பச்சை, எடுத்துக்கொண்டேன். ஷோரூம் வாசலிலேயே ஒருவர் நின்றிருந்தார். "சார், வண்டியை இப்படியே என்கிட்ட விட்டுடுங்க" என்று ஒரு தொகை சொன்னார். கம்பெனி விலைக்கு மேல் அவர் தர வந்த பணம் என் பல மாதச் சம்பளம். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு சக ஆசிரியை மகள் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் முறையை அப்படித்தான் விட்டுக்கொடுத்தார்.

இப்போது அந்த இரட்டை விலையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கோலுக்கும் இரண்டு விலை, ஸ்கூட்டருக்கும் இரண்டு விலை. கிழக்கு ஜெர்மனியில் டிராபான்ட் காருக்கும் இப்படித்தான். பத்து வருடத்துக்கு மேல் வரிசை. ஓடிய பழைய கார் புதுக் காரைவிட விலை அதிகம். ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கொர்னாய் 1980-ல் பற்றாக்குறையின் பொருளாதாரம் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார். பற்றாக்குறை தானாக வந்த விபத்து இல்லை, அந்த அமைப்பே அதை உற்பத்தி செய்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நாம் சோஷலிச நாடு இல்லைதான். ஆனாலும் ஸ்கூட்டர் விஷயத்தில் நம் ஊர் ஷோரூம் வாசலும் பெர்லினும் ஒன்றாகத்தான் இருந்தன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பஜாஜ் கம்பெனியின் 1,00,000-ஆவது வண்டி 1970-ல் வெளிவந்தது. அதாவது லைசென்ஸ் கிடைத்துப் பத்து வருடத்துக்கு மேல் சேர்த்துச் செய்தது ஒரு லட்சம். 1977-ல் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் வந்துவிட்டது. 1985-ல் அவுரங்காபாத் அருகே வாளூஜ் தொழிற்சாலையை வேலை தொடங்கிப் பதினாறே மாதத்தில் எழுப்பினார்கள். 1986-ல் ஆண்டுக்கு ஐந்து லட்சம். 365-ஐ ஐந்தால் வகுங்கள்: 73 நாள். முன்பு பத்து வருடத்துக்கு மேல் பிடித்த ஒரு லட்சம் வண்டி இப்போது 73 நாளில். மரம் காயக் காத்திருந்தோமா? இல்லை. பட்டை ஊறக் காத்திருந்தோமா? இல்லை. தகரம் தகரம்தான், எஞ்சின் எஞ்சின்தான். நாங்கள் காத்திருந்தது பெரும்பாலும் ஒரு கையெழுத்துக்காக.

இதுதான் இரண்டு கியூவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் கியூ பொருளுக்குள்ளிருந்து வருகிறது. மரமும் கையும் அவ்வளவுதான் தாங்கும். கோல் வேண்டாம் என்றால் விலகிப் போகலாம். இரண்டாவது கியூ காகிதத்திலிருந்து வருகிறது. விலகிப் போக வேறு கடை இல்லை.

இந்தக் காகிதக் கியூவுக்கு அதிக விலை கொடுத்தது யார் என்று கேட்டால், என் பதில்: பெண்ணைப் பெற்றவர்கள். வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வந்தது 1961-ல். ஸ்கூட்டர் கட்டுப்பாட்டு ஆணைக்கு மறு வருடம். ஒரு சட்டம் வரதட்சணை கூடாது என்றது. இன்னொரு ஆணை ஒரு பொருளைக் கிடைக்காத பொருளாக்கி மாப்பிள்ளை வீட்டார் வாயில் அதன் பெயரை ஏற்றியது. எளிதில் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பு கேட்பாரில்லை. பத்து வருடம் நின்றால்தான் கிடைக்கும் என்றதும் அது அந்தஸ்தாகிவிட்டது. "மாப்பிள்ளைக்கு வாட்ச், மோதிரம், பஜாஜ்" என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். பெண் பிறந்ததுமே ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிடு என்று கிண்டலாகச் சொல்வது உண்டு. கிண்டல் பாதி, நிஜம் பாதி. வண்டி வராததால் முகூர்த்தம் தள்ளிப்போன வீடும், பிளாக்கில் வாங்கக் காணியை அடமானம் வைத்த வீடும் நம் சொந்தத்திலேயே உண்டு. பெயர் சொல்லவில்லை. படிக்கும் உறவினர்களுக்குத் தெரியும்.

அடைப்பு எப்படித் திறந்தது? ஒரே நாளில் இல்லை. 1980-ல் நமக்குப் பக்கத்தில் ஓசூரில் டி.வி.எஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். பால்காரரும் காய்கறிக்காரரும் தோல் துண்டு மூட்டை கட்டிப் போகிறவரும் அதில் ஏறினார்கள். மாப்பிள்ளைகள் கேட்காத வண்டி, அதனாலேயே உழைப்பவர்களுக்கு உபயோகமான வண்டி. 1984-ல் ஓசூரிலேயே ஜப்பான் கூட்டில் இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா. லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்ற பேச்சு வந்ததும் ஸ்கூட்டரைச் சாய்த்து ஸ்டார்ட் செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 24 ஜூலை 1991-ல் புதிய தொழிற்கொள்கை. பதினெட்டுத் தொழில்கள் நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் ரத்து. வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் வண்டி கிடைத்தது. பிறகு ஒரு நாள் வண்டி நின்றது, வாங்க ஆள் இல்லை. 2009-ல் பஜாஜ் ஸ்கூட்டர் செய்வதையே விட்டுவிட்டது. சேத்தக் என்ற பெயர் மின்சார வண்டியாக 2020-ல்தான் திரும்பி வந்தது.

அந்தக் காலமே நல்ல காலம், ஒரு பொருளின் அருமை தெரிந்தது என்று எங்கள் வயதுக்காரர்கள் சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் ஏழு வருடம் நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்கூடம் போனதில் எனக்குக் கூடுதலாக என்ன குணம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சிபாரிசுக் கடிதம் யாரிடம் வாங்குவது என்ற வித்தையை மட்டும் ஒரு தலைமுறை முழுக்கக் கற்றுக்கொண்டோம். அந்தப் பழக்கம் ஸ்கூட்டரோடு போகவில்லை.

அதேபோல, சந்தை வந்தால் எல்லா வரிசையும் தீர்ந்துவிடும் என்று சொல்லும் இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீராத வரிசைகள் உண்டு. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் பணமுள்ளவர் வறியவரிடம் சிறுநீரகத்தை விலைக்கு வாங்கினார். அது சந்தை. 1994-ல் சட்டம் அதைத் தடை செய்தது. 2008-ல் தமிழக அரசு மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுப் பொதுவான பதிவு வரிசைப்படி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தக் கியூவை எந்தத் தொழிற்சாலையும் குறைக்க முடியாது. யாரோ ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவில் சம்மதித்தால்தான் ஒரு எண் நகரும். இங்கே வரிசையை ஒழிப்பது வழியில்லை. வரிசை நேர்மையாக இருப்பதுதான் உயிர்.

ஆகவே எந்தக் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். தேர்வுக்கு வராது, வாழ்க்கைக்கு வரும்.

1. இந்த வரிசை எதனால் உண்டானது? பொருளின் இயல்பாலா, கைகளின் எண்ணிக்கையாலா, யாரோ போட்ட ஒரு கையெழுத்தாலா?

2. குறுக்கே போக வழி யாருக்கு இருக்கிறது? அந்த வழி எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா?

3. இரண்டு விலை இருந்தால், நடுவில் உள்ள வித்தியாசம் யார் பைக்குப் போகிறது? செய்தவருக்கா, ஷோரூம் வாசலில் நிற்பவருக்கா?

லாஸ் வேகாஸ் கோல் பட்டறையிலும் மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மறுவிற்பனை லாபம் கடைந்தவர் கைக்கு வருவதில்லை. நரசிங்கம்பேட்டையிலும் மேடையில் வாசிப்பவருக்குக் கிடைக்கும் பெயர் கடைந்தவருக்குக் கிடைப்பதில்லை. நம் ஆம்பூர் ஷூவை லண்டன் கடையில் என்ன விலைக்கு விற்கிறார்கள், தைத்த பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அதுவும் இதே கேள்விதான்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்கூட்டர் பதிவு ரசீது, அலாட்மென்ட் கடிதம், அடமானம் வைத்த அஞ்சலகப் பாஸ்புத்தகம் ஏதாவது இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிடுங்கள். பதிவு செய்த தேதியும் வண்டி வந்த தேதியும் தெரிந்தால் போதும். ஒரு தாளில் வரிசையாக எழுதி வைக்கப் போகிறேன். நம் தாலுகா மொத்தமாக எத்தனை வருடம் நின்றது என்று கூட்டிப் பார்க்கலாம். கூட்டலில் கெட்டிக்காரர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.